பின்பனிக் காலத்துப் புழக்கடை

‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த தமிழர், மார்கழியும் தையும் முன்பனிக் காலம் என்றனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றனர். இவ்விரண்டும் கழிந்த பின்னரே இளவேனில். ஆயினும், வீட்டின் பின்புறத்தில் நான்கு பாத்தி கட்டி வைத்திருப்பவரின் உள்ளத்திலோ, பொங்கல் முடிந்த மறுநாளே இளவேனில் பிறந்து விடுகிறது! விதைப் பொட்டலத்தைப் பிரித்துத் தூவியாயிற்று; நீரும் தெளித்தாயிற்று. நான்காம் நாள் காலையில் பாத்தியருகே சென்று குனிந்து பார்க்கிறார். மண்ணே தெரிகிறது. ஐந்தாம் நாளும் மண்ணே. ஆறாம் நாள் அவர் கை சும்மாயிருப்பதில்லை. விரலால் மண்ணைக் கிளறி, விதை இருக்கிறதா என்று பார்த்து விடுகிறது.

புழக்கடைத் தோட்டம் பாழாவதற்குப் புழு பூச்சிகளைக் காட்டிலும் இந்த விரலே பெருங்காரணம் என்றால் அது மிகையாகாது. பொறுமையின்மை என்பது மனத்தில் மட்டும் தங்கியிருக்கும் குணமன்று. அது கைக்கு வந்து, நீராகவும் எருவாகவும் மருந்தாகவும் செடியின் மேல் விழுகிறது. கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ‘பொடக்காலி’ என்று வழங்கும் புழக்கடையில், பின்பனிக் காலத்தில் நாம் காணும் சில சிறு செய்திகளை இங்கே எண்ணிப் பார்ப்போம்.

கோவையின் குளிர்

கோயமுத்தூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் அமைந்துள்ளது. ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் அளவே. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக் காற்றால் பெய்வது. மழை ஓய்ந்ததும் வானம் வெளுத்து விடுகிறது. பகலில் மண் பெற்ற வெப்பம், மேகப் போர்வை இல்லாத இரவில் விரைந்து வெளியேறுகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாயை நோக்கி வறண்ட கிழக்குக் காற்று வீசுகிறது. எனவேதான் தை மாதத்தில் நண்பகலில் 30 டிகிரி செல்சியசைத் தொடும் வெப்பம், விடியற்காலையில் 18, 19 டிகிரிக்கு இறங்கி விடுகிறது.

இதையும் ஒரு குளிரென்று சொல்வதா என உதகையில் வாழ்வோர் நகைக்கலாம். 2,200 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி மீது உறைபனி வெண்மையாகப் படிகிறது. இங்கிலாந்து நாட்டுத் தோட்டக்காரரோ, உறைபனி அச்சம் நீங்கும் வரை, அதாவது பெரும்பாலும் மே மாதம் வரை, தக்காளி நாற்றை வெளியில் நடத் துணிவதில்லை. நமக்கு அத்தகைய இடர் இல்லை. நம் குளிர் செடியைக் கொல்வதில்லை. அதன் நடையை மட்டும் தளர்த்துகிறது. இந்த வேறுபாட்டை உணராமையே நம் அவசரத்திற்கு வேர்.

விதையின் கடிகாரம்

விதை நம் நாட்காட்டியைப் பார்த்து முளைப்பதில்லை. மண்ணின் வெப்பத்தைப் பார்த்தே முளைக்கிறது. மிளகாய் விதையை எடுத்துக்கொள்வோம். மண் 30 டிகிரி வெப்பத்தில் இருந்தால் ஏறத்தாழ 8 நாளில் முளை காட்டும். 20 டிகிரியாயின் 12 அல்லது 13 நாள் ஆகும். 15 டிகிரிக்கு இறங்கினாலோ 25 நாள் வரை செல்லும். விதை அதுவே, மண்ணும் அதுவே, நீரும் அதுவே. நாள் மட்டும் மும்மடங்காகிறது. கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவையும் வெதுவெதுப்பை விரும்புவனவே. பாகற்காய் விதைக்குத் தடித்த தோல் வேறு. ஓரிரவு நீரில் ஊற வைத்து ஊன்றாவிடில் அது இன்னும் காலம் கடத்தும்.

காத்திருக்க முடியாதவர் என்ன செய்கிறார்? ‘தண்ணீர் போதவில்லை போலும்’ என்றெண்ணிக் காலையிலும் மாலையிலும் ஊற்றுகிறார். குளிர்ந்த மண்ணில் தேங்கும் ஈரம் விதைக்கு உதவுவதில்லை; பூசணத்திற்கே உதவுகிறது. முளைத்து வரும் இளநாற்றின் தண்டு, மண்ணோடு ஒட்டிய இடத்தில் நீர்கோத்து மெலிந்து, ஒரே இரவில் சாய்ந்து விடுகிறது. இதனை நாற்றழுகல் நோய் என்பர். மாலையில் வரிசையாக நின்ற நாற்றுகள் காலையில் அறுத்துப் போட்டாற்போல் கிடப்பதைக் கண்டு, ‘யார் கண் பட்டதோ!’ என்று வருந்துவோர் உண்டு. பட்டது கண்ணன்று, குடத்து நீரே.

இதைத் தவிர்க்கும் வழி எளிது. நாற்றுப் பாத்தியைத் தரையினின்று சற்று உயர்த்தி அமைக்க வேண்டும். விதையை நெருக்கமாகத் தூவலாகாது. பனிக்காலத்தில் மாலையில் நீர் விடாது, வெயில் ஏறத் தொடங்கும் காலை வேளையில் விட வேண்டும். மேல்மண் காய்ந்திருப்பினும் விரல் நுனியளவு கீழே ஈரமிருப்பின் அன்று நீர் தேவையில்லை. வேளாண் துறையினர் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்து விதைக்கச் சொல்கின்றனர். வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும்.

குளிரையே விரும்பும் பயிர்களும் உள்ளன என்பதை மறத்தலாகாது. கொத்தமல்லியும் வெந்தயமும் முள்ளங்கியும் இந்நாட்களில் செழிக்கும். கொத்தமல்லி விதையை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினால் பத்து, பதினைந்து நாளில் முளைக்கும். கோடை வெப்பம் வந்தபின் விதைத்தாலோ இலை பெருகுமுன்னே பூத்து விடும். ஆகவே, குளிரோடு போராட வேண்டுவதில்லை. எந்த விதைக்கு எந்தப் பொழுது என்று அறிவதே போதும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற முன்னோர், தைப் பட்டத்தையும் வகுத்து வைத்தது இதனாலேயே.

அவரைக் கொடியின் கணக்கு

வெப்பத்தைப் பார்ப்பது விதை. ஒளியைப் பார்ப்பது அவரை. பந்தல் அவரையின் பழைய நாட்டு வகைகளை ஆடியில் ஊன்றினால், ஆவணி, புரட்டாசி மாதங்களில் பந்தல் முழுதும் இலையாக மூடிக்கொள்ளும். பூ ஒன்றுகூடத் தலை காட்டாது. ஐப்பசி பிறக்கும்போது வீட்டார் பொறுமை இழந்து விடுவர்.

சூலூர்ப் பக்கம் நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் இவ்வாறு நடந்தது. பந்தல் அவரையின் நிழலில் மல்லிகைச் செடி வெளுத்துப் போவதைக் கண்ட மகன், “நாலு மாசமாத் தழைஞ்சு கெடக்குது, ஒரு பூவக் காணோம். புடுங்கிப் போட்டா எடமாச்சும் மிஞ்சுமுங்கம்மா” என்றார். தாயோ, “பொழுது சுருங்கட்டும் கண்ணு, பனி எறங்கட்டும். அப்பறம் பாரு” என்று மட்டும் சொல்லித் தடுத்து விட்டார். அவ்விதை அவருக்குத் தாய்வீட்டுச் சீதனம். மணமாகி வந்த நாள்தொட்டு ஆண்டுதோறும் நெற்றுக் காய வைத்து, சாம்பலில் புரட்டி, மண்கலயத்தில் சேர்த்து வந்தவர். அந்த ஆண்டோ உறவினர் கேட்டதற்கெல்லாம் கொடுத்து விட்டு, எஞ்சிய நான்கு விதைகளை ஊன்றியிருந்தார். அவற்றுள் பிழைத்தது அந்த ஒரு கொடியே. கொடுத்த இடங்களில் எதிலும் விதை மீளவில்லை. அக்கொடியைப் பிடுங்கியிருந்தால் ஒரு கறிக்கு வேண்டிய காய் மட்டுமா போயிருக்கும்? இரண்டு தலைமுறையாகக் கைமாறி வந்த ஒரு விதையே அவ்வீட்டை விட்டுப் போயிருக்கும். கார்த்திகைக் கடைசியில் ஊதாப் பூங்கொத்துகள் பந்தலுக்கு மேல் நிமிர்ந்தன. தைப் பொங்கலுக்கு அண்டை வீடுகளுக்கும் அவரைக்காய் சென்றது. மாசியில் கலயமும் நிறைந்தது.

அத்தாய் சொன்ன ‘பொழுது சுருங்கட்டும்’ என்பது வெறும் ஆறுதல் மொழியன்று. அது தாவர நூலார் ஒப்பும் உண்மை. பழைய அவரை வகைகள் குறும்பகல் தாவரங்கள். இரவு நீண்டு பகல் குறுகினாலன்றி அவற்றில் பூமொட்டு தோன்றுவதில்லை. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள கோவையில், ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே அதிகம். நாம் உணராத அச்சிறு வேறுபாட்டை ஓர் அவரைக் கொடி உணர்ந்து கொள்கிறது! இரவெல்லாம் விளக்கொளி படும் இடத்தில் இத்தகைய செடிகள் பூப்பது தாமதிக்கவும் கூடும். பருவம் பாராது காய்க்கும் செடி அவரை ரகங்கள் இன்று உள்ளன. விரைவில் காய் வேண்டுவோர் அவற்றைப் பயிரிடலாம். ஆனால் பந்தல் அவரையை ஊன்றிவிட்டுச் செடி அவரையின் கணக்கை அதனிடம் கேட்பது முறையாகாது.

குளிர் செய்யும் பணி

பனிக்காலத்தில் தோட்டம் உறங்குவதாக நாம் எண்ணுகிறோம். மாமரத்தைப் பாருங்கள். வளர்ச்சி நின்று, இலைகள் கரும்பச்சையாகி, அசைவற்று நிற்கிறது. ஆனால் அக்குளிர் இரவுகளும், வேரடியின் வறட்சியுமே கிளை நுனியில் பூ பிறக்கத் துணை செய்கின்றன. ‘ஐயோ, காய்கிறதே’ என்று இரக்கப்பட்டுக் கார்த்திகை, மார்கழியில் குடம் குடமாக நீர் ஊற்றினால், பூவுக்குப் பதில் செந்தளிரே கிளைக்கும். அவ்வாண்டுச் சித்திரையில் மரத்தில் மாங்காய் குறையும். இரக்கமும் சில வேளைகளில் பொறுமையின்மையின் மறுவடிவமாகி விடுகிறது.

மல்லிகையின் செய்தியோ இன்னும் வியப்பானது. சத்தியமங்கலத்துப் பூச்சந்தையின் பெருமையை அறியாதார் நம் பகுதியில் இலர். அங்குள்ள மல்லிகைத் தோட்டங்கள் சித்திரை, வைகாசியில் வெள்ளை வெளேரெனப் பூத்துக் குலுங்க வேண்டுமாயின், கார்த்திகைக் கடைசி முதல் தை வரைக்குள் செடியைக் கவாத்து செய்தாக வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு, மேலுள்ள கிளைகளை வெட்டி விடுவர். நீரையும் நிறுத்தி வைப்பர். அப்போது செடி பட்டுப் போன குச்சிகளாகவே காட்சி தரும். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சத் துளிர்த்து, பங்குனி முதல் பூக்கத் தொடங்கும். வீட்டில் ஒற்றை மல்லிகை வைத்திருப்பவருக்கோ அதை வெட்ட மனம் வருவதில்லை. தினமும் கிடைக்கும் ஐந்தாறு பூவை இழக்க அஞ்சிக் கோடையில் முழம் முழமாகக் கிடைக்க வேண்டியதை இழந்து விடுகின்றனர்.

வேம்பும் அவ்வாறே. மாசியில் இலை முழுதும் பழுத்து உதிர்கிறது. நாள்தோறும் வாசல் பெருக்கும் பெண்கள் சலித்துக் கொள்வர். பங்குனியில் செம்புநிறத் துளிர். அதைத் தொடர்ந்து தேன்மணக்கும் பூ.

ஆறு ஆண்டு காத்த கரும்பு

காத்திருத்தல் என்பது பாட்டிமார் கைவைத்தியம் மட்டுமன்று. பெரும் அறிவியலும் அதன் மேலேயே எழுந்தது. இதற்குச் சான்று கோவை நகரிலேயே உண்டு. 1912-ஆம் ஆண்டில் இங்குக் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. கோவையின் தட்பவெப்பத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கரும்பு தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் என்பதே இவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம். சி. ஏ. பார்பர் அவர்களும் அவருக்குத் துணைநின்ற டி. எஸ். வெங்கட்ராமன் அவர்களும், ‘வெள்ளை’ என்னும் இனிப்புக் கரும்பின் பூவை, தானே வளரும் நாணல் போன்ற காட்டுக் கரும்போடு இணைத்தனர். கரும்பு விதை பஞ்சுத் துகள் போன்று மிகச் சிறியது. அதில் முளைக்கும் நாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. அத்தனை நாற்றுகளையும் வளர்த்து, இனிப்பும் வலிமையும் உடையவற்றைத் தேர்ந்து, மீண்டும் நட்டுச் சோதித்து, 1918-ஆம் ஆண்டில் ‘கோ 205’ என்னும் ரகத்தை வடஇந்திய உழவர்களுக்கு வழங்கினர். ‘கோ’ என்பது கோயமுத்தூரைக் குறிப்பது. இடையில் கழிந்தவை ஆறு ஆண்டுகள். இன்றும் ஒரு புதிய கரும்பு ரகம் உழவர் கைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலாகிறது. மிளகாய் விதைக்குப் பதின்மூன்று நாள் தர மறுக்கும் நமக்கு இது ஒரு பாடமன்றோ?

சிறு விருந்தினர்கள்

காத்திருக்கும் நாட்கள் வீணான நாட்களல்ல. பாத்தியில் முளையைத் தேடிக் குனிபவரின் கண்ணுக்கு வேறு பல காட்சிகள் புலப்படும். காலைப் பனியில் வேலியிலுள்ள சிலந்தி வலைகள் முத்துக் கோத்தாற்போல் மின்னும். அகன்ற இலைகளைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்துத் தையல்சிட்டு கூடமைக்கும். மாசி முதிர முதிர, எங்கிருந்தோ குயில் கூவத் தொடங்கும். கோடை வரப்போகிறது என்பதற்கு அதனினும் நல்ல அறிவிப்பு இல்லை.

அவரையின் இளந்தளிரில் கரிய அசுவினிக் கூட்டம் மொய்ப்பதும் இந்நாட்களில்தான். எறும்புகள் அவற்றின் இனிய கசிவைப் பருக ஏறியிறங்கும். கண்டவுடன் மருந்துக் கடைக்கு ஓடுவோர் பலர். ஆனால் ஒரு வாரம் பொறுத்தால், முதுகில் புள்ளியிட்ட பொறிவண்டு அங்கே வந்து முட்டையிடும். அதன் புழு, கருநிறத்தில் முதலைக் குட்டி போன்ற உருவுடையது. காண அருவருப்பாயினும் நாள்தோறும் ஏராளமான அசுவினிகளைத் தின்று தீர்க்கும். அதனையே பயிரைக் கெடுக்கும் புழுவென்று நசுக்குவோர் உண்டு! அதுவரை பொறுக்கவியலாத அளவுக்கு அசுவினி பெருகின், நுனித் தளிரைக் கிள்ளி எறியலாம். விசையாக நீர் பீய்ச்சலாம். அடுப்புச் சாம்பல் தூவலாம். நஞ்சைத் தெளித்தாலோ அசுவினியோடு பொறிவண்டும் மடியும். பின்பு திரும்பி வருவதில் முந்திக்கொள்வது அசுவினியே.

பொறுமைக்கும் ஓர் எல்லை

இவ்வாறெல்லாம் கூறுவதால், கைகட்டி அமர்ந்திருப்பதே பொறுமை என்று கொள்ளலாகாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று, அதாவது பெரும்பாலும் இந்தப் பின்பனி நாட்களிலேயே, லூக்கா நற்செய்தியின் அத்திமர உவமை நம் ஆலயங்களில் வாசிக்கப்படுகிறது. மூன்றாண்டு கனி காணாத உரிமையாளர் மரத்தை வெட்டச் சொல்கிறார். தோட்டக்காரரோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார். அவர் வெறுமனே தவணை கேட்கவில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எரு இடுவதாகச் சொல்கிறார். முடிவில்லாத தவணையும் கேட்கவில்லை, ஓராண்டுதான் கேட்கிறார். தோட்ட வேலை அறிந்தவர் பேச்சு அது. காலமும் உழைப்பும் எல்லையும் மூன்றும் அதில் அடங்கியுள்ளன.

நம் புழக்கடைக்கும் இம்மூன்றும் பொருந்தும். முளைக்குக் காத்திருக்கும் நாளில் கொடிக்குப் பந்தல் போடலாம். உதிர்ந்த வேப்பிலையைக் கூட்டி எரிக்காமல் செடியடியில் மூடாக்காகப் பரப்பலாம். சாணமும் சருகும் சேர்த்துக் குழியில் மக்க விடலாம். எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். வெங்காய விதை ஓராண்டுக்கு மேல் பழகினால் முளைப்புத் திறன் மங்கிவிடும். கறிவேப்பிலைப் பழத்தின் விதையோ பறித்த சில வாரங்களுக்குள் ஊன்றாவிடில் பயனில்லை. இத்தகைய விதைக்குக் காத்திருப்பது பொறுமையன்று, அறியாமையே. மிளகாய்க்கு 25 நாள் தரலாம். அதன் பின்னும் முளையாவிடில் வருந்தாது வேறு விதை தூவலாம்.

அன்பு வாசகர்களே! விரும்பிய பண்டம் கைப்பேசியில் விரல் தொட்ட மறுநாளே வாசலுக்கு வரும் காலத்தில் நம் பிள்ளைகள் வளர்கின்றனர். காத்திருந்து பெறும் பொருள் அவர்கள் வாழ்வில் அருகி வருகிறது. தோட்டத்திற்கு இடமில்லையே என்று வருந்த வேண்டுவதில்லை. மாடியில் ஒரு தொட்டியும் இரண்டு கை மண்ணும் போதும். இந்த மாசியில் உங்கள் பிள்ளை ஒவ்வொருவர் கையிலும் நான்கு மிளகாய் விதைகளைக் கொடுங்கள். ஊன்றிய தேதியை ஒரு குச்சியில் எழுதி அருகே நடச் செய்யுங்கள். ‘மண்ணைக் கிளறிப் பார்க்கக் கூடாது, காலையில் மட்டும் நீர், முளைத்த நாளையும் அக்குச்சியிலேயே எழுத வேண்டும்’ என்று சொல்லி வையுங்கள். பங்குனியில் மீண்டும் நான்கு விதை ஊன்றி அதே கணக்கை எழுதச் செய்யுங்கள். இரண்டு குச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு, செடி சோம்பேறியன்று, அதற்கும் ஒரு கணக்குண்டு என்பதை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.